கண்ணாடி தேவையில்லை

உங்கள் ஊரின் பழைய தெருவில் நடக்கும்போது எந்த வீட்டின் முன்னால் நின்று படம் எடுக்கிறீர்கள்? எந்த வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் அது உங்கள் ஞாபகமறதி அல்ல. சில வீடுகளை, யாரும் பார்க்கக் கூடாது என்று கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்திட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

கோபன்ஹேகனிலிருந்து மேற்கே புறநகர் ரயிலில் இருபத்தைந்து நிமிடம் போனால் எங்கள் வெஸ்டர்லுண்டே. நிலையத்தைச் சுற்றிலும் எழுபதுகளில் எழும்பிய கான்கிரீட் அடுக்குவீடுகள், ஒரு வணிக வளாகம், வட்டச்சாலை. இவற்றுக்கு நடுவே யாரோ கைதவறி விட்டுவிட்டுப் போன மாதிரி நானூறு மீட்டர் நீளத்துக்குப் பழைய தெரு ஒன்று கிடக்கிறது. பீகேதன் என்று பெயர். ஊர்த்தெரு என்றுதான் பொருள். வெள்ளையடித்த தேவாலயம், நாணல் கூரை வேய்ந்த பாதிரியார் வீடு, காபிக்கடையாக மாறிவிட்ட கொல்லுப்பட்டறை, குழந்தைகள் காப்பகமாகிவிட்ட பள்ளிக்கூடம், வீட்டுத் தரகர் உட்கார்ந்திருக்கும் வணிகர் மாளிகை. ஒவ்வொரு சுவரிலும் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் நீலப் பலகை உண்டு. கட்டிய வருடம், கட்டிய உரிமையாளரின் பெயர், ஒரு வரி பெருமை.

தெருவின் மேற்குக் கோடியில் ஒரு நீள வீடு. அதற்குப் பலகை இல்லை. சங்கத்தின் விதிப்படி பலகையில் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு உரிமையாளர் என்று ஒருவர் எப்போதும் இருந்ததில்லை. அது ஏழைகள் விடுதி. வேலை செய்ய முடியாத கிழவர்கள், கைக்குழந்தையோடு கைவிடப்பட்ட பெண்கள், கால் போன கூலிகள் எல்லோரையும் ஊர் அங்கேதான் அடைத்தது. உள்ளே போனவருக்கு ஓட்டு கிடையாது. அனுமதி வாங்காமல் கல்யாணம் கிடையாது. இதற்குத் தர்மம் என்று பெயர் வைத்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கமும் செய்தார்கள்.

இப்போது அது நகராட்சிக்குச் சொந்தமான மூன்று வாடகைக் குடியிருப்புகள். நடுக் குடியிருப்பில் பத்தொன்பது வருடமாக இருப்பவர் டோவே ஸ்கோவ் என்ற பெண்மணி. வயது ஐம்பத்தெட்டு. தொழில், ஜன்னல் துடைப்பது.

டோவே பிறந்ததும் இதே ஊர்தான், நிலையத்துக்குப் பின்னாலுள்ள அடுக்குவீட்டின் நான்காம் மாடி. பதினாறு வயதில் பள்ளியை விட்டு பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனார். இருபது வருடம் கழித்துத் தொழிற்சாலை போலந்துக்குப் போய்விட்டது, டோவே போகவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் விண்ணப்பம் எழுதும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் எழுந்து வந்து, சரக்குப் பெட்டி வைத்த சைக்கிள் ஒன்றும் ஓர் ஏணியும் இரண்டு வாளியும் வாங்கினார். அன்றிலிருந்து பீகேதனின் எல்லா வீட்டு ஜன்னல்களும் அவர் கையில். வீடுகளை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு நான் கேட்டதில்லை. பாதிரியார் வீடு "நூத்திப் பன்னெண்டு". வணிகர் மாளிகை "எண்பத்தி நாலு, மேல பாதி தொறக்காது". எல்லாம் கண்ணாடிக் கணக்கு. தான் குடியிருக்கும் வீட்டின் தெருப்பக்கத்துக்கு மட்டும் அவரிடம் கணக்கு இல்லை. அங்கே ஜன்னல் இல்லை. சுண்ணாம்பு பூசிய நீளச் சுவரில் ஜன்னல் அளவுக்கு ஐந்து குழிவுகள், மேலே வளைவோடு, வரிசையாக. அவ்வளவுதான். வெளிச்சமெல்லாம் பின்கட்டு வழியாகத்தான்.

பிப்ரவரியில் நகராட்சியிடமிருந்து கடிதம் வந்தது. பீகேதனைப் பாதுகாக்கப் புதுத் திட்டம். நல்ல செய்திதான். தெருவின் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை மதிப்பெண். ஒன்று உச்சம், ஒன்பது குப்பை. பாதிரியார் வீட்டுக்கு இரண்டு. கொல்லுப்பட்டறைக்கு மூன்று. நீள வீட்டுக்கு ஏழு. ஏழு என்றால் இடிக்கலாம். இடித்துவிட்டு, பழைய தெருவைப் பார்க்க வருகிறவர்களுக்காக முப்பத்துநான்கு கார் நிறுத்த இடம். குடியிருப்போருக்கு நகராட்சி எல்லைக்குள் "பொருத்தமான மாற்று ஏற்பாடு". எட்டு வாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் கருத்து எழுதி அனுப்பலாம்.

டோவே அதைப் பக்கத்துக் குடியிருப்பு வில்லிக்கு வாசித்துக் காட்டினார். வில்லிக்கு எழுபத்துநான்கு வயது, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

"ஏழா?" என்றார் வில்லி. "நான் கடைசியா ஓட்டின பஸ்சும் ஏழாம் நம்பர்தான். அதையும் நிறுத்திட்டானுங்க."

"சிரிக்காத வில்லி. காரணம் எழுதிருக்கான் கேளு. 'தெருமுகப்பின் ஐந்து ஜன்னல்களும் பிற்காலத்தில் அடைக்கப்பட்டுள்ளன. கட்டடம் தன் மூல முகத்தை இழந்துவிட்டது.'"

"அப்ப என் முகத்துக்கு எத்தன போடுவான்?"

"ஒம்பது. பொருத்தமான மாற்று ஏற்பாடு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வில்லி கேட்டார், "எங்க போவ?"

எங்கே போவது? வட்டச்சாலைக்கு அப்பால் ஓர் அறை கிடைக்கலாம். அங்கிருந்து ஏணியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தினமும் ஒன்பது கிலோமீட்டர் வர வேண்டும், பனியில், ஐம்பத்தெட்டு வயதில். வீடு போனால் தொழிலும் போகும் என்பது அவருக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

அந்த வாரம் பாதிரியார் வீட்டில் வேலை. ஏணியில் நின்று, ஜன்னலின் அடிப்பலகைக்குக் கீழே சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜன்னல் இருக்கும் இடத்தில் அடிப்பலகை இருக்கும். மழைநீர் அதன் இரண்டு முனைகளிலும் வழிந்து சுவரில் இரண்டு கறுப்புக் கோடுகளை இழுத்துவிடும். டோவே அவற்றுக்கு மீசை என்று பெயர் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருடமாக ஊராரின் மீசைகளை மழித்துக்கொண்டிருப்பவர் அவர். ஜன்னலை அடைத்தாலும் மீசை போகாது. சுண்ணாம்புக்கு மேலே மறுபடி மறுபடி கசிந்து வரும். பழைய பள்ளிக்கூடத்தில் அடைத்த ஜன்னல் ஒன்று இருக்கிறது. அறுபது வருடமாகியும் மீசை அப்படியே இருக்கிறது.

துணி பிடித்த கை நின்றுவிட்டது. இறங்கி, வாளியைப் பாதிரியாரின் படியிலேயே வைத்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஐந்து குழிவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மீசை இல்லை. அடிப்பலகை இருந்த தடம் இல்லை. ஜன்னல் கதவு மாட்டிய கொக்கியின் துருக்கறைகூட இல்லை. மேலே முக்கோணச் சுவரில், உத்தரத்தை இழுத்துப் பிடிக்க அடித்த இரும்புப் பட்டைகளை இலக்கங்களாக வளைத்திருந்தார்கள். 1868. பத்தொன்பது வருடம் அதன் அடியில் நுழைந்து வந்தவர், அன்றுதான் அதைத் தேதியாக வாசித்தார்.

புதன்கிழமை பிற்பகல்களில் வரலாற்றுச் சங்கத்தின் ஆவண அறை திறந்திருக்கும். நான் அங்கே காபி போட்டுக்கொண்டிருந்தேன். சங்கச் செயலாளருக்கு முக்கியமான வேலை அதுதான். தலைவர் பிரேபன் மேசையில் இருந்தார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர், எழுபத்தொன்பது வயது, பீகேதனைப் பற்றிய ஒரே புத்தகத்தை எழுதியவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள். டோவேயும்தான். இந்த நாட்டில் வாத்தியாரையும் மந்திரியையும் பெயர் சொல்லி நீ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனாலும் பிரேபனிடம் பேசும்போது பலருக்குக் குரல் கொஞ்சம் தணியும். டோவேக்குத் தணியவில்லை.

"பிரேபன், நம்ம வீட்டு ஜன்னல எப்ப அடைச்சாங்க?"

"காலரா வருஷம். கெட்ட காத்து உள்ள போகக் கூடாதுன்னு. என் புஸ்தகத்துல பன்னெண்டாம் பக்கம் இருக்கே."

"காலரா எந்த வருஷம்?"

"ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தி மூணு. ஏழாம் வகுப்புல சொல்லிக் குடுத்தேனே, தூங்கிட்டியா?"

"வீட்டுச் சுவத்துல இரும்புல என்ன வருஷம் அடிச்சிருக்கு?"

பிரேபன் தன் புத்தகத்தை எடுக்கக் கை நீட்டினார்.

"நானே சொல்றேன். அறுபத்தெட்டு. வீடு பொறக்குறதுக்குப் பதினஞ்சு வருஷம் முன்னாடியே ஜன்னல அடைச்சுட்டாங்களா? பெரிய முன்யோசனைக்காரங்கதான்."

அறையில் இருந்த இன்னும் இரண்டு பேர் கோப்பைக்குள் பார்த்துச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கோடைக்காலச் சுற்றுநடையில் அதே காலராக் கதையை, அந்தச் சுவருக்கு முன்னாலேயே நின்று, எத்தனையோ பேருக்கு நானும் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் அனைவரும் படித்தவர்கள். ஒருவர்கூடத் தலையை நிமிர்த்தி நான்கு இலக்கத்தைப் படிக்கவில்லை. கதை நன்றாக இருந்தால் கணக்குப் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

பிரேபனுக்குக் கழுத்து சிவந்தது. "நான் ஊர்ப் பெரியவங்ககிட்ட கேட்டு எழுதினது அது. நீ ஜன்னல் துடைக்கிறவ. துடைக்கிறதோட நிறுத்திக்க."

இப்படி ஒரு வார்த்தையை இங்கே யாரும் சத்தமாகச் சொல்லிவிட மாட்டார்கள். யாரும் யாரையும்விட உயர்த்தி இல்லை என்று தாய்ப்பாலோடு ஊட்டி வளர்க்கும் ஊர். உள்ளுக்குள் நினைப்பதைத் தடுக்கத்தான் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

டோவே தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "துடைக்கிறவளுக்குத்தான் பிரேபன் தெரியும், எது ஜன்னல், எது ஜன்னல் இல்லன்னு."

ஞாயிற்றுக்கிழமை வில்லி சுத்தியலும் உளியும் எடுத்துக்கொண்டு வந்தார். டோவேயின் சமையலறைச் சுவருக்கு மறுபக்கம்தான் இரண்டாவது குழிவு. வெளிப்பக்கம் தடித்த சுண்ணாம்புப் பூச்சு, கல் தெரியாது. உள்பக்கம் உரித்துத்தான் பார்க்க வேண்டும்.

"வாடகை ஒப்பந்தத்துல சுவத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு இருக்கு," என்றார் வில்லி.

"சுவத்தையே இடிக்கப் போறவன் போட்ட ஒப்பந்தம் அது. பிடி அந்தப் பக்கம்."

முதலில் சுவர்க்காகிதம். பூப்போட்டது, அதன் அடியில் கட்டம் போட்டது, அதன் அடியில் பழுப்பு நிறத்தில் ஒன்று, கடைசியில் செய்தித்தாள். பிறகு காரை. மத்தியானத்துக்குள் சமையலறை முழுக்கப் புழுதி. கறுப்பு ரொட்டியும் ஈரல் விழுதும் மேசையில் மூடி வைத்திருந்தும் பல்லில் மணல் கடிபட்டது. இரண்டு மீட்டர் அகலத்துக்குச் செங்கல் வெளியே வந்தது. மஞ்சள் செங்கல், வரிசை வரிசையாக.

இருந்த ஜன்னலைப் பின்னாளில் ஒருவன் அடைத்தால் சுவர் அதை மறைக்காது. பழைய திறப்பின் இரு ஓரங்களிலும் மேலிருந்து கீழே நேர்கோடாக ஒரு பிளவு தெரியும்; புதுக்கல் பழைய கல்லோடு பின்னிக்கொள்ளாது. மேலே பாரம் தாங்கிய வளைவும் நிற்கும். இங்கே கோடும் இல்லை, வளைவும் இல்லை. ஒவ்வொரு வரிசையும் சுவரின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒன்றை ஒன்று கவ்விக்கொண்டு ஓடியது. ஒரே சுண்ணாம்பு, ஒரே கை, ஒரே கோடைக்காலம்.

வில்லி கையால் தடவிப் பார்த்தார். "அப்ப அடைக்கல."

"அடைக்கல."

"முதல்லயே வைக்கல."

"ஆமா."

"வெளிய மட்டும் ஜன்னல் மாதிரி..."

"வெளிய இருக்கிறவங்களுக்கு," என்றார் டோவே. துடைப்பத்தை எடுத்துப் புழுதியைக் கூட்டத் தொடங்கினார். பத்தொன்பது வருடம் இந்த மேசையில், இந்தச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்துதான் ரொட்டி தின்றிருக்கிறார். விளக்குப் போட்டால்தான் தட்டு தெரியும். வீட்டின் வாகு அப்படி என்றுதான் நினைத்திருந்தார். இவரையும் இவருக்கு முன்னால் இங்கே இருந்தவர்களையும் தெரு பார்க்கக் கூடாது என்று யாரோ அளவெடுத்து வைத்தது என்று தோன்றியதில்லை.

புகைப்படங்களை நகராட்சிக்கு அனுப்பினார். "உங்கள் கருத்து பெறப்பட்டது" என்று இயந்திரம் பதில் போட்டது. மதிப்பெண் போட்ட கட்டடக்கலைஞர் யெப்பேயின் தொலைபேசி எண் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நேராக அவரையே கூப்பிட்டார். யெப்பேக்கு முப்பது வயதிருக்கும். மரியாதையாகத்தான் பேசினார்.

"ஜன்னல் அடைச்சதுன்னு எதை வெச்சு எழுதின?" என்று டோவே கேட்டார்.

"ஊர்ப் புஸ்தகம் இருக்கு. பன்னெண்டாம் பக்கம்."

"வீட்டுக்கு வந்து பாத்தியா?"

"கார்ல இருந்து பாத்தேன். எனக்கு மூணு வாரத்துல இருநூத்திப் பன்னெண்டு கட்டடம் குடுத்தாங்க. ஒண்ணுக்குப் பதினோரு நிமிஷம்."

"நான் ஒரு ஜன்னலுக்கே அதுக்கு மேல எடுத்துக்குவேன், தம்பி."

யெப்பே சிரித்தார். பிறகு உண்மையைச் சொன்னார்: படம் நம்பும்படியாக இருக்கிறது, ஆனால் கல் மட்டும் போதாது. ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று எழுத்தில் ஏதாவது வேண்டும். இல்லையென்றால் நகர்மன்றக் குழுவில் 'கட்டும்போது நேர்ந்த சிக்கனம்' என்று தள்ளிவிடுவார்கள்.

அந்த எழுத்து எங்கே இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். சங்கத்தின் அலமாரியில், விடுதியைக் கட்டி நடத்திய ஏழைகள் குழுவின் கூட்டக் குறிப்பேடுகள். முட்கம்பி மாதிரி வளையும் பழைய கோதிக் கையெழுத்து. ஊரில் அதைச் சரளமாக வாசிப்பவர் ஒருவர்தான். டோவே அவரிடம் போகவில்லை. "போய்க் கேளேன்" என்று நான் சொன்னேன். "நீ கேளு" என்றார். நான் கேட்டேன். பிரேபன், தான் வேறு வேலையாக இருப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஏழாவது வாரம், செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளி மண்டபத்தில் நகராட்சியின் கூட்டம். காபி, இலவங்கப்பட்டைச் சுருள் ரொட்டி, நூற்றுக்கு மேல் நாற்காலி. முக்கால்வாசி நிரம்பியிருந்தது. பெரும்பாலோர் தங்கள் வேலிக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள். டோவே தன் முறை வந்ததும் எழுந்து, படத்தைத் திரையில் போடச் சொல்லி, மீசையையும் நேர்கோட்டையும் விளக்கினார். வேலையுடுப்பிலேயே வந்திருந்தார். ஒரு முறைதான் குரல் உடைந்தது, "நான் அங்க குடியிருக்கேன்" என்று சொன்ன இடத்தில்.

நகராட்சியின் திட்ட அலுவலர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ரொம்ப சுவாரசியமா இருக்கு. ஆனா எழுத்து ஆதாரம் எதுவும் இல்லையே. அச்சுல இருக்கிற ஒரே நூல் காலரான்னுதான் சொல்லுது."

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிரீச்சிட்டது. பிரேபன் எழுந்தார். கையில் மடித்த காகிதம்.

"அந்த நூலை எழுதினவன் நான். பன்னெண்டாம் பக்கம் தப்பு." காகிதத்தைப் பிரித்தார். "போன மாசம் இந்தப் பொண்ணு என்கிட்ட வந்து ஒரு கேள்வி கேட்டா. இவ சொல்றது பொய்னு நிரூபிக்கத்தான் நான் குறிப்பேடு எடுத்துப் படிச்சேன். இன்னிக்கு மத்தியானம்தான் பக்கம் கிடைச்சுது. படிக்கிறேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தேழு, செப்டம்பர்:

"ஊர்த்தெருப் பக்கம் ஜன்னல் வைக்க வேண்டாமெனத் தீர்மானிக்கப்பட்டது. உள்ளிருப்போர் தெருவைப் பார்த்து வேலையில் கவனம் குறைவர். தேவாலயம் செல்வோருக்கும் அவர்தம் முகங்களைக் காண நேர்வது இதமாயிராது. எனினும் தெருவின் அழகு கெடாதபடி, ஜன்னல் வடிவில் ஐந்து குழிவுகள் அமைக்கப்படட்டும். கண்ணாடி தேவையில்லை."

பிரேபன் விரலைத் தாளின் அடிப்பகுதிக்கு நகர்த்தினார்.

"கீழ அஞ்சு கையெழுத்து," என்றார் பிரேபன். "அதுல மூணு பேருக்கு பீகேதன்ல நீலப் பலகை இருக்கு. பாதிரியார், வணிகர், கொல்லன். மூணு பலகைக்கும் வாசகம் எழுதினவன் நான்தான். 'ஏழைகளின் நண்பர்'னு ஒருத்தருக்கு எழுதிருக்கேன்." காகிதத்தை மடித்தார். டோவே பக்கம் திரும்பினார். "டோவே, அந்தப் புதன்கிழமை நான் சொன்னது..."

"உக்காரு பிரேபன்," என்றார் டோவே. "காபி ஆறுது."

கடவுளின் பெயராலும் ஒழுங்கின் பெயராலும் செய்த அநியாயங்களைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த மண்டபத்தில் என்னை உலுக்கியது அநியாயம் அல்ல. அது எனக்குப் பழக்கமானது. எழுபத்தொன்பது வயது மனிதர் ஒருவர், தான் தோற்பதற்கான ஆதாரத்தைத் தானே தேடி எடுத்து, தன்னிடம் படித்தவர்கள் நிறைந்த சபையில் நின்று வாசித்தார். இதைச் செய்ய எந்த வேதமும் தேவைப்படவில்லை. ஒரு தேதியைச் சரிபார்க்க மனம் வந்தால் போதுமாயிருந்தது.

அடுத்த வாரம் யெப்பே வந்தார். இந்த முறை கதவைத் தட்டினார். சமையலறையில் உட்கார்ந்து, வெறுங்கல்லைப் பார்த்தபடி இரண்டு கோப்பை காபி குடித்தார்.

"பதினோரு நிமிஷம் ஆச்சு," என்றார் வாசலில் நின்ற வில்லி. "கிளம்பணுமே நீ?"

"இன்னிக்கு நாள் முழுக்க உங்களுக்குத்தான்," என்று யெப்பே அளவுநாடாவை இழுத்தார். ஐந்து குழிவுகளையும் அளந்தார். புது அறிக்கையில் நீள வீட்டுக்கு மூன்று மதிப்பெண். 'மூல முகத்தை இழந்துவிட்டது' என்ற வரியை அடித்துவிட்டு, 'மூல முகம் முழுமையாக இருக்கிறது' என்று எழுதியிருந்தார். ஜூனில் நகர்மன்றக் குழு அதை ஏற்றது. வீடு நிற்கும். வாடகைக்காரர்கள் இருப்பார்கள். முப்பத்துநான்கு கார்களுக்கும் வளாகத்துக்குப் பின்னால் இடம் கிடைத்துவிட்டது. கார்களுக்கு எப்போதும் கிடைத்துவிடும்.

நான் இங்கே நிறுத்தியிருப்பேன். டோவே நிறுத்தவில்லை. ஆகஸ்டில் அவர் நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் போட்டார்: தன் சமையலறைச் சுவரின் குழிவைத் திறந்து, உண்மையான ஜன்னல் வைக்க அனுமதி வேண்டும். பாதுகாக்கப்பட்ட சுவரில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்பது இப்போது சட்டம். சட்டத்தை வாங்கிக் கொடுத்தவரே அதற்கு விலக்குக் கேட்கிறார்.

சங்கத்தில் பெரிய சண்டை. பிரேபன் மேசையைத் தட்டினார். "உன் ஆதாரமே அந்தச் சுவர்தான்! அதைப் போய் உடைக்கணுங்கிறியே?"

"அஞ்சுல நாலு மிச்சமிருக்கும். ஆதாரத்துக்கு நாலு போதாதா? எனக்கு ஒண்ணுல வெளிச்சம் வேணும்."

"சரித்திரம்மா அது!"

"சரித்திரத்துக்குள்ளதான் நான் ரொட்டி திங்கிறேன் பிரேபன். விளக்குப் போட்டு."

பிரேபன் மேசையிலிருந்து கையை எடுத்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பு, தோற்றவரின் சிரிப்பாக எனக்குத் தெரியவில்லை. டோவேயின் விண்ணப்பத்தை ஆதரித்து முதலில் போன கடிதம் அவருடையது. இரண்டாவது யெப்பேயுடையது. மூன்றாவதாக நான் எழுதினேன். ஒரு அநியாயத்தை நினைவில் வைக்க, அதை உயிரோடு இருக்கிற ஒருத்தியின் தலையில் தொடர்ந்து நடத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று எழுதினேன். வில்லி, "ஜன்னல் வந்தா இவ என்னை வேவு பாப்பா, ஆனாலும் சம்மதம்" என்று ஒரே வரி எழுதி அனுப்பினார். இதுவரை நாற்பத்தொரு கடிதங்கள் போயிருக்கின்றன. எதிர்த்து ஆறு. முடிவு இன்னும் வரவில்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவர் சமையலறையைப் பார்க்க வரப்போவதாகத் தேதி கேட்டிருக்கிறார் என்று டோவே நேற்றுச் சொன்னார். அது நல்ல அறிகுறிதான். காகிதத்தைப் பார்த்தே முடிவெடுக்காமல் ஓர் ஆள் நேரில் வருகிறார்.

நீங்கள் டோவேக்காக எழுத வேண்டாம். எங்களுக்கு ஆள் இருக்கிறது. உங்கள் ஊரிலும் இந்த மாதம் ஏதோ ஒரு கட்டடத்துக்கு 'மதிப்பில்லை' என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். யாரோ சிலர் அதற்குள் குடியிருப்பார்கள். தாளின் அடியில் பொடி எழுத்தில் கடைசித் தேதி போட்டிருக்கும். முதலில் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கட்டடத்தின் பின்பக்கம் போய்க் கதவைத் தட்டி, உள்ளே இருப்பவரிடம் பேசுங்கள். கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை, உங்கள் பெயரும் முகவரியும் போட்டு ஒரு பக்கத்தில் எழுதி, அந்தத் தேதிக்குள் அனுப்பிவிடுங்கள்.